சித்தி நசுக்கிய தாள்

என் சித்திக்கு யார்மேலாவது பொறாமை இல்லாமல் பொழுது விடிந்ததே கிடையாது. சின்ன வயதில் அம்மாவின் நீளப் பின்னல்மேல். வளர்ந்ததும் எதிர்வீட்டுக்காரியின் பல்வரிசைமேல். வேலை செய்யும் இடத்தில் மட்டும் பொறாமைப்பட ஆள் கிடைக்காமல் நிம்மதியாக இருந்தாள். அங்கே வேலையில் அவளை மிஞ்சுகிறவர்கள் யாரும் இல்லை. அப்புறம் மகாராணி வந்து சேர்ந்தாள். பட்டம் சித்தி கொடுத்ததுதான்.

சித்தியின் வேலை, தொடுதிரைகளுக்குப் போகும் பிளாஸ்டிக் தாளில் மை பூசுவது. அந்த மையில் வெள்ளிக் கம்பிகள் மிதக்கும். கம்பி என்றதும் துணி காயப்போடுகிற கம்பியை நினைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு தலைமுடியை வைத்தால், முடி பனைமரம் மாதிரி நிற்கும், அவ்வளவு பொடி. தாள் கண்ணாடிபோல் தெரியவும் வேண்டும், அதில் மின்சாரம் ஓடவும் வேண்டும். அதனால் வெள்ளியை அப்பிவிட முடியாது. கம்பிகள் கன்னாபின்னாவென்று விழுந்து, ஒன்றின்மேல் ஒன்று பட்டால் போதும். தெருவில் வம்பு பரவுகிற மாதிரி, மின்சாரம் தொட்டுத் தொட்டே மறுகோடிக்குப் போய்விடும். கம்பி குறைந்தால் வம்பு பாதி வழியில் நின்றுவிடும். கூடினால் தாள் மங்கிவிடும். மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்று ஒரு மீட்டர் காட்டும்; அதில் எண் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு நல்ல தாள்.

"அவளுக்கு மட்டும் எப்படிக்கா முப்பது வருது? நான் குட்டிக்கரணம் போட்டாலும் நாப்பத்தஞ்சுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது," என்றாள் சித்தி ஒருநாள், தட்டில் கையை வைத்துக்கொண்டே.

"நல்லா பூசுறா போல," என்றாள் அம்மா.

"நீ எனக்கு அக்காவா, அவளுக்கு அக்காவா?"

"ராத்திரி தாளுக்குத் தாலாட்டுப் பாடுறாங்களோ என்னவோ," என்றேன் நான்.

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடுடா."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

விஷயம் வெறும் எண் இல்லை. பட்டறைக்கு ஒரு பெரிய பூச்சு மெஷின் வரப்போகிறது. யாருடைய தாளை மேனேஜர் மாதிரிக்குத் தேர்ந்தெடுக்கிறாரோ, அவர்தான் அந்த மெஷினுக்குத் தலைமை. மெஷின் லாரியில் ஏறும் முன்பே சித்தி அதைக் கனவில் ஓட்ட ஆரம்பித்திருந்தாள்.

முதலில் அவள் மையைத் தாராளமாக ஊற்றிப் பார்த்தாள். எண் இறங்கியது. மேனேஜர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, "ஏம்மா, இது குளியலறை ஜன்னலுக்கா?" என்றார். மகாராணி சிரித்தாள்.

"கையால வாயை மூடிக்கிட்டு சிரிச்சாக்கா! மூடாம சிரிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

தேர்வு நாள் வந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மகாராணியின் தாள் மேசையில் பளபளவென்று தனியாகக் கிடந்தது. பக்கத்தில், தாள்களுக்கு மேலுறை ஒட்டுகிற இரும்பு உருளை. கம்பியெல்லாம் நொறுங்கட்டும் என்று சித்தி உருளையை எடுத்தாள். கீறல் விழுந்தால் மாட்டிக்கொள்வோமே என்று சுத்தமான இன்னொரு தாளை மேலே விரித்தாள். பிறகு உடம்பின் கனம் முழுவதையும் போட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருட்டித் தள்ளினாள்.

சாப்பாடு முடிந்து வந்த மேனேஜர் அந்தத் தாளில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு. பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி வைத்தார். அதே பன்னிரண்டு. தாளில் துளி மங்கல் இல்லை.

"என்னம்மா பண்ணினே?"

மகாராணிக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையைக் குனிந்து, "எப்பவும் போலத்தான் சார். கொஞ்சம் கவனமா…" என்று இழுத்தாள்.

அந்தக் 'கவனமா'வைத்தான் சித்தியால் விழுங்க முடியவில்லை.

"பொய் சார்! அது நான் நசுக்கின தாள்! நாசமாப் போகட்டும்னு நான்தான் உருட்டினேன்!"

பட்டறையே வாயைப் பிளந்தது. மேனேஜர் திட்டவில்லை. உருளையை அவள் கையில் கொடுத்து, அவள் பூசிய தாள் ஒன்றை நீட்டினார். உருட்டினாள். நாற்பத்தைந்து இருபதாக இறங்கியது. மகாராணியின் இன்னொரு தாளை நீட்டினார். அது மறுபடி பன்னிரண்டு. ஒன்றின்மேல் ஒன்று சும்மா சாய்ந்துகொண்டிருந்த கம்பிகள், அழுத்தியதும் படுகிற இடத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டனவாம். மேனேஜர் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார். பிறகு ஞாபகம் வந்து, அடுத்தவர் தாளைத் தொட்டதற்காகச் சித்தியை எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தார்.

தலைமை மகாராணிக்குப் போனது. மெஷினின் கடைசியில் புதிதாக ஒரு பெரிய உருளையைச் சேர்த்து, அதைச் சித்தியிடம் கொடுத்தார்கள்.

"'நீங்க இல்லாட்டி இது நடந்திருக்காதுக்கா'ன்னு சொல்றா," என்று சித்தி அன்று மாலை பொருமினாள். "என்னைவிட ரெண்டே வயசு சின்னவ. அக்காவாம்!"

"அவங்க தலைவியாவே இருக்கட்டும் சித்தி. பூசின தாளெல்லாம் உன் கையைத் தாண்டித்தானே வெளிய போயாகணும்?"

சித்தியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "ஆமால்ல?" என்றாள். உடனே மறுபடி வாடியது. "ஆனா அவளுக்கு சக்கரம் வெச்ச நாற்காலி குடுத்திருக்காங்கடா."

அலமாரியின் அடித்தட்டில் ஸ்க்ரூடிரைவர் இருப்பதைச் சொன்னேன். வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு என் காதைத்தான் திருகுவாள். அன்று திருகவில்லை. அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே யோசித்தாள்.