முப்பத்தாறு தலைக்கு நாலாம் நம்பர்

இரண்டு விலா எலும்பு, ஒரு கடைவாய்ப் பல், ஒரு மூக்கு, இடது காதுமடலில் நாலு தையல். சென்ற தை மாதம் ஆம்பூரில் வெளியான ஒரு திரைப்படத்தைப் பற்றிச் சுப்பராயன் கொண்டிருந்த தனிப்பட்ட கருத்துக்கு முதல் கட்டமாகக் கிடைத்த மரியாதை இது. பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த விமர்சகர்கள்கூட இவ்வளவு வாங்கியதாகத் தகவல் இல்லை. சுப்பராயன் எழுதியதோ ஒரே ஒரு எண்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கலீமுல்லா பாயின் தோல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக அசார்ட்டர், அதாவது தரம் பிரிப்பவர். பதப்படுத்திய ஆட்டுத்தோல் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, வலது கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, கண்ணால் ஒரு பார்வை பார்த்து, பிறகு புரட்டிப் போட்டுப் பின்பக்கத்தில் சாக்பீஸால் எண் போடுவார். ஒன்று என்றால் சீமைக்குப் போகிற சரக்கு. ஆறு என்றால் கழிசடை. ஒரு நாளைக்கு அறுநூறு தோல். ஒவ்வொரு தோலும் ஓர் அடிதடி வழக்கு. இது முள்கம்பியில் கிழிந்து ஆறியது, இது மேய்த்தவன் விளாறால் விளாசியது, இது பக்கத்து ஆடு கொம்பால் குத்தியது, இது உரித்தவன் கை தவறிக் கத்தி இறங்கியது. ஆறிய காயம் வழவழவென்று கோடாக நிற்கும். ஆறாதது வாய் பிளந்து கிடக்கும். ரத்தம், வெட்டு, குத்து ஆகிய துறைகளில் இவ்வளவு நிதானமான படிப்பு படித்தவர்கள் போலீசில்கூடக் குறைவு.

இப்படிப்பட்டவர் மாலையில் வீட்டுக்கு வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவர் மனைவி அமிர்தவள்ளியைக் கேட்டால் தெரியும்.

ஏழு மணித் தொடரில் மாமியார் மருமகளை அறைவாள். அதே அறையை மூன்று கோணத்தில் காட்டுவார்கள்.

"மூணு அறை வுட்டிருக்கா. கன்னத்துல ஒரு வரி இருக்குதா பாரு," என்பார் சுப்பராயன்.

"ஒரு அறைதாங்க. மூணு வாட்டி காட்றான்."

"ஒரு அறைன்னாலும் அஞ்சு விரல் எங்க? வளையல் போட்ட கை வேற. கீறல் வுழுந்திருக்கணும். நாலு."

நாலு என்பது தரம். ஏழு மணித் தொடருக்கு மூன்றைவிட நல்ல தரம் அவர் கொடுத்ததே கிடையாது. பாலில் விஷம் கலந்த கதையைப் பதினோரு நாள் இழுத்தபோது, "பால் திரிஞ்சே போயிருக்கும், விஷம் தண்டம்" என்று ஐந்து கொடுத்தார். மகள் போனில் போட்டுக் காட்டிய வெப் சீரிஸில், கொலைகாரன் எட்டு எபிசோடும் இருட்டிலேயே குத்தினான். "லைட்டே போடாம இன்னா தெரியும்? எவனைக் குத்தறான்னு அவனுக்கே தெரியாது" என்று தரம் போடவே மறுத்துவிட்டார். நாயகன் வெறுங்கையால் புலியைக் கொல்லும் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் புலியின் தோல் சதையோடு ஒட்டாமல் தனியாக ஓடுகிறது, அமிர்தி மான் பண்ணையில் கொண்டுபோய் விட்டால் மான்கள் சிரிக்கும் என்றார். ஆறு.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் சேதமில்லை.

'முப்பத்தாறு தலை' வெளியானது வெள்ளிக்கிழமை. நாயகன் முப்பத்தாறு பேரைத் தலை வேறு முண்டம் வேறாக்கும் குடும்பச் சித்திரம். தியேட்டர் வாசலில் பிளைவுட்டில் வெட்டி வரைந்த முப்பதடி கட்-அவுட் நின்றது. ஒரு கையில் அரிவாள், மறு கையில் கைக்குழந்தை. ஞாயிறு மேட்னிக்கு மனைவியோடு போன சுப்பராயன், படம் விட்டதும் வண்டி எடுக்கக் கட்-அவுட்டின் பின்பக்கமாக நடந்தார். சட்டைப்பையில் எப்போதும் போலச் சாக்பீஸ். கண் முன்னால் வழவழப்பான பின்பக்கம். இருபத்தெட்டு வருடத்துக் கை சும்மா இருக்குமா? பளிச்சென்று '4' போட்டு, அடியில் கோடும் கிழித்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அமிர்தவள்ளி கேட்டபோது, எண் போட்டதே அவருக்கு ஞாபகமில்லை.

வேறு ஊராக இருந்தால் தச்சர் போட்ட எண் என்று விட்டிருப்பார்கள். ஆம்பூர் ரசிகர் மன்றத்தில் தோல் வேலை செய்யாதவன் ஒருவனும் இல்லை. திங்கட்கிழமை காலை, காற்றில் ஆடிய கட்-அவுட்டுக்குக் கயிறு கட்டப் பின்னால் போனவர்கள் நாலைப் பார்த்தார்கள். பார்த்த கணத்தில் புரிந்துபோயிற்று. தங்கள் தலைவன் நாலாம் ரகம். மன்றச் செயலாளர் வசந்த், பாயின் தொழிற்சாலையில் டாகிள் செக்‌ஷனில் வேலை பார்ப்பவன். தலைப்பாகை கட்டினாற்போல மேலே மூடிய அந்த நாலு யாருடைய கையெழுத்து என்று அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு, தொழிற்சாலை கேட் எதிரே டீக்கடையில் சுப்பராயன் முதல் வாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆறு பேர் வந்தார்கள்.

"இன்னாண்ணே, எங்க தலைவருக்கே நம்பர் போட்டியா?" என்றான் வசந்த்.

"எந்தத் தலைவருக்கு?"

பதில் ஹெல்மெட்டாக வந்தது. காதுமடல் கிழிந்து தோளில் ரத்தம் வழிந்தது. கடைவாய்ப் பல்லை டீயோடு சேர்த்து விழுங்கினார். பெஞ்சிலிருந்து கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில் விறகு ஒடிவது போலச் சத்தம் கேட்டது. ஒருவன் முகத்தைப் பார்த்துக் குத்த ஓங்கினான்.

"டேய், கட்டவிரல உள்ள மடக்கிக்கினு குத்தாத, ஒடிஞ்சிடும்," என்றார் கீழே கிடந்தபடி. சொல்லி முடிப்பதற்குள் குத்து விழுந்தது. இவர் மூக்கு உடைந்தது. அவன் விரலும் ஒடிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ, மற்றவர்கள் அதற்கும் சேர்த்து இவரை உதைத்தார்கள்.

பிறகு வசந்த் பையிலிருந்து டாகிளை எடுத்தான். ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்து மாட்டும் இரும்புக் கவ்வி அது. இழுக்க இழுக்க இறுகும். சுப்பராயனின் வலது கட்டைவிரலை அதன் வாயில் வைத்துப் பூட்டினான்.

"வந்து அந்த நம்பரை அழிச்சிட்டு ஒண்ணு போடு. இல்லன்னா விரல் ரெண்டாய்டும்."

சுப்பராயன் முதல்முறையாகப் பயந்தார். விலா போனால் கட்டுப் போடலாம். தோலில் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் கண்டுபிடிப்பது அந்த விரல்தான்.

கூச்சல் கேட்டுக் கலீமுல்லா பாய் வெளியே வந்தார். விரலையும் டாகிளையும் பார்த்தார். நிலைமையைக் கேட்டார். யாரையும் அதட்டவில்லை.

"சுப்பராயன், அடிக்குப் பயந்து அழிச்சீங்கன்னா, அப்புறம் என் டேபிளுக்கு வராதீங்க," என்றார். "அடிச்சா நம்பர் மாறும்னு தெரிஞ்சா, நாளைக்கு சரக்கு வாங்க வர்றவன் எல்லாம் உருட்டுக்கட்டையோடதான் வருவான். டேய் வசந்த், டாகிள் கம்பெனிது. வளைச்சிடாதே."

ஆக, எண்ணை அழித்தால் வேலை போகும். அழிக்காவிட்டால் விரல் போகும், அதோடு வேலையும் போகலாம். ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சுப்பராயன் யோசித்தார்.

"ரீ-செலக்‌ஷன் கேளு," என்றார் வசந்திடம்.

டாகிளை இறுக்கப்போன கை நின்றது. சரக்கு வாங்குகிறவனுக்குத் தரத்தில் சந்தேகம் வந்தால், மொத்தத்தையும் மறுபடி மேசையில் விரிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பார்த்தே ஆகவேண்டும். அதுவரை சரக்கின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. தோல் வேலையில் இருப்பவன் எவனும் இதை மீற மாட்டான். கொலை செய்ய வந்தவனாக இருந்தாலும்.

"கேக்கறேன்," என்றான் வசந்த் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை மேட்னி. உன் பக்கத்துலயே உக்காருவேன். டாகிளோட."

ஆஸ்பத்திரியில் காது தைத்துக்கொண்டிருக்கும்போது அமிர்தவள்ளி பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுன்னு போட்டுட்டு வந்தா இன்னா? ஒரு சினிமாவுக்காக எவனாச்சும் விரலைக் குடுப்பானா?"

"சினிமாவுக்கு எவன் குடுத்தான்? நான் போட்ட நம்பரைப் பார்த்துட்டு, சரக்கு வாங்க வர்றவன் தோலைப் பிரிச்சே பாக்காம லாரில ஏத்தறான். அவனுக்கு இன்னா சொல்றது?"

"அவனா வந்து சோறு ஊட்டப் போறான்?"

சுப்பராயன் காதை டாக்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு மேட்னியில் நடு வரிசையில் சுப்பராயன். தலையில் கட்டு, மூக்கில் பஞ்சு, நெஞ்சைச் சுற்றிப் பட்டை. வலது பக்கம் வசந்த். நாற்காலிக் கைப்பிடியின் மேல் சுப்பராயனின் கட்டைவிரல் டாகிளுக்குள் இருந்தது. சுற்றிலும் மன்றம். வெளிச்சமில்லாமல் பார்த்தால் தரம் செல்லாது என்று அவர் சட்டம் பேசியதால், வடக்குப் பக்கக் கதவைத் திறந்து வைத்துப் படம் ஓட்டினார்கள்.

முதல் சண்டையில் நாயகனை முதுகில் வெட்டினார்கள். சுப்பராயன் தன் தொழில் வழக்கப்படி வாய்விட்டு எண்ணினார். "முதுகு, மேல் பக்கம் ஒம்பது. இடுப்புக்கிட்ட எட்டு. எல்லாம் நீள வெட்டு. ஆழம் ஜாஸ்தி."

அடுத்து நாயகன் சட்டையில்லாமல் அருவியில் குளித்து ஆடினான்.

"முதுகு சுத்தம்," என்றார்.

யாரும் விசிலடிக்கவில்லை. பின் வரிசையில் ஒருவன் மெல்ல, "ஆமாடா, தெச்ச அடையாளம்கூட இல்ல," என்றான். வசந்த் திரும்பி அவன் வாயில் ஒன்று விட்டான். அடிவாங்கியவனின் தோஸ்த் ஒருவன் நாற்காலிக் கையைப் பிடுங்கி வசந்தின் பக்கத்திலிருந்தவன் மண்டையில் போட்டான். மன்றம் இரண்டாகப் பிரிந்தது. தழும்பு வேண்டும் என்று ஒரு கட்சி, தலைவருக்குத் தழும்பு தேவையில்லை என்று ஒரு கட்சி. திரையில் பன்னிரண்டு தலை உருண்டபோது, கீழே இரண்டு பல்லும் ஒரு புருவமும் போயிருந்தன. சுப்பராயன் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதியில் விட்டால் ரீ-செலக்‌ஷன் செல்லாது.

இடைவேளைக்கு அப்புறம், இருபத்தெட்டாவது தலை விழுந்ததும் வசந்த் காதருகே குனிந்தான். அவன் குரலில் அதட்டல் குறைந்து, கெஞ்சல் தெரிந்தது.

"ரெண்டு குடுண்ணே. ஒண்ணு கேக்கல. ரெண்டு."

"இன்னும் முடியல."

"இதுவரைக்கும் இன்னா?"

"நாலுதான்."

வசந்த் டாகிளை இழுத்தான். நகம் பிளந்து மேலே எழும்பியது. சுப்பராயன் கத்திய கத்தலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களே நின்றுவிட்டார்கள். வசந்த் மறுபடியும் இழுத்தான். எலும்பு சொடக்கென்று விட்டது. ரத்தம் வசந்தின் முழங்கால் வரை தெறித்தது. டாகிளைத் திறந்ததும், விரல் கத்தரிக்காய் போல ஊதிக் கறுத்து, இருக்கவேண்டிய திசையில் இல்லாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

சரியாக அப்போது திரையில் வில்லன், நாயகனின் வலது கையைத் தரையில் வைத்து லாரியை ஏற்றினான். முன் சக்கரம், பின் சக்கரம், இரண்டும் ஏறின. நாயகன் உறுமினான். எழுந்தான். அதே கையால் அரிவாளை எடுத்து, எட்டுத் தலையை ஒரே வீச்சில் சீவினான். பிறகு அதே கையால் குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டினான்.

வசந்த் திரையைப் பார்த்தான். பக்கத்தில் ஊதிக் கிடந்த கட்டைவிரலைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். பால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது.

"இப்ப சொல்லுண்ணே," என்றான் வசந்த். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அஞ்சு," என்றார் சுப்பராயன். "லாரி சீன்ல ஒண்ணு இறங்கிடுச்சி."

ரீ-செலக்‌ஷனில் தரம் இறங்கவும் இறங்கும். அது தெரிந்துதான் எல்லோரும் கேட்பார்கள். கட்-அவுட்டின் பின்னால் போய் நின்றபோது, சுப்பராயனால் சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை கீழே விழுந்தது. அடுத்தவன் எழுதினால் எண் செல்லாது. வசந்த் சாக்பீஸைப் பொறுக்கி, அவருடைய ஆட்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் இடையில் செருகி, மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். சுப்பராயன் நாலை அடித்துவிட்டு, ரத்தமும் சுண்ணாம்புமாக ஐந்து போட்டு, அடியில் கோடு கிழித்தார்.

செயலாளரே துணை நின்று தலைவரை ஐந்தாக்கியதைக் கண்ட மன்றம், இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்து, வசந்தைக் கட்-அவுட் சவுக்குக் கட்டையால் அடித்தது. தாடை விலகியது. இருவரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

எலும்பு வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அமிர்தவள்ளி இரண்டு பேருக்கும் கஞ்சி கொண்டுவந்தாள். வசந்துக்கு ஊட்டும்போது மட்டும் ஸ்பூனால் வேண்டுமென்றே தாடையில் இடித்தாள். சாயங்காலம் கலீமுல்லா பாய் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"அழிச்சீங்களா?"

"நாலை அடிச்சிட்டேன் பாய். ரீ-செலக்‌ஷன்ல ஒண்ணு இறங்கிடுச்சி. இப்ப அஞ்சு."

பாய் தலையை ஆட்டினார். பிஸ்கட்டைக் கட்டிலில் வைத்தார்.

"இடது கட்டவிரல் நல்லா இருக்குதில்ல?"

"இருக்குது பாய். ஆனா பழக்கமில்ல. டைம் புடிக்கும்."

"டைம் எடுத்துக்கங்க. மேல்விஷாரத்து பார்ட்டி ஒண்ணு வந்து நிக்கறான். வேற யார் போட்ட நம்பரும் வேணாங்கறான். வியாழக்கிழமை டேபிளுக்கு வந்துடுங்க."

பக்கத்துக் கட்டிலில் வசந்த் கம்பி கட்டிய தாடையோடு ஏதோ முனகினான். பாய் அந்தப் பக்கம் திரும்பினார்.

"நீயும்தான். டாகிள் எங்கடா?"