பிரிக்ஃபீல்ட்ஸ் அறையில் ஒரு கேபிளும் இரண்டு கருவிகளும்

மலேசியாவின் கிள்ளானில் என் மனைவி மாலதியின் சித்தப்பா மகளுக்குத் திருமணம். அதற்காக மே மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து ஐந்து நாள் பயணம் போனோம். தங்கியது கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மாடி அறை. நாளுக்கு 110 ரிங்கிட்.

மாலதி பேச்சுப் பயிற்சியாளர். ஐந்து வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசாத ஒரு சிறுமிக்கு இணையவழியில் பயிற்சி தருகிறாள். இடைவெளி விட்டால் பழகியதும் போய்விடும் என்று புதன்கிழமை வகுப்பை அவள் தள்ளிப்போடவில்லை. திருச்சியில் பகல் பன்னிரண்டு என்றால் இங்கே இரண்டரை. குழந்தையின் முகம் பார்க்க மடிக்கணினி, படம் காட்ட டேப்லெட். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.

அறையில் வைஃபை கிடையாது, சுவரில் ஒரு கேபிள் மட்டும். கைபேசி சிக்னலும் ஒரு கோடுதான். (முன்பதிவுக்கு முன் கேட்காதது என் தப்பு.) கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக்கும் சின்ன ஆக்சஸ் பாயிண்ட் பெட்டி ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன்; அதைக் கேபிளில் செருகினேன். டேப்லெட்டுக்கு இணையம் வந்தது, மடிக்கணினிக்கு வரவில்லை. மணி ஒன்று ஐம்பது. மாலதி படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

உதவி தேடி வராந்தாவுக்கு வந்தேன். பக்கத்து அறை குணா வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பார்வையில்லாதவர், தெருமுனை மசாஜ் நிலையத்தில் வேலை செய்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"இங்க ரூமுக்கு ஒரு கருவிக்குத்தான் லைன் குடுப்பாங்க, அண்ணே. உங்க பெட்டி எந்த மோட்ல இருக்கு?"

"ஆக்சஸ் பாயிண்ட்."

"அதான். அது சும்மா வழிதான் விடும், ஒவ்வொரு கருவியும் வெளிய தனித்தனியாத் தெரியும். ரவுட்டர் மோட்ல போடுங்க. வெளிய பெட்டி ஒண்ணுதான் தெரியும், உள்ள எத்தனை வேணா ஓடும்."

மாற்றினேன். இப்போது இரண்டிலுமே இணையம் இல்லை. மணி இரண்டே கால். குணா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெட்டியோட செட்டிங்ல வெளிப்பக்கம் என்ன நம்பர்? வாசிங்க."

"192.168.1.23."

"உள்பக்கம்?"

"192.168.1.1."

"ரெண்டும் ஒரே வரிசை லா, பெட்டி குழம்புது. உள்பக்கத்த 192.168.5.1 ஆக்குங்க." (அந்த ஊர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.)

அவருடைய கைபேசி அடித்தது. "வந்துட்டிருக்கேன் பாஸ், கஸ்டமர உட்கார வைங்க," என்றவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு இருபத்தாறுக்கு இரண்டு கருவிகளிலும் இணையம் வந்தது. மாலதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று குடத்தின் படத்தைக் காட்டியதும் அந்தக் குழந்தை "தண்ணி" என்றாள். முதல் சொல். திரையில் அவள் அம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

மாலையில் குணாவிடம் சொன்னேன். "பேசிருச்சா?" என்று இரண்டு முறை கேட்டார்.

"உங்க கஸ்டமர் கோவிச்சாரா?"

"எங்க? உட்கார்ந்தே தூங்கிட்டாரு லா."

போகிறவர்களுக்கு: சின்ன ரவுட்டர் ஒன்றை எடுத்துப்போங்கள், மோட் மாற்றுவதையும் உள்பக்க எண்ணை மாற்றுவதையும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். திருமணத்துக்கு அதில்தான் போனோம். அறையில் ஏதாவது சிக்கல் என்றால் பக்கத்துக் கதவைத் தட்டத் தயங்காதீர்கள். முன்பின் தெரியாத எங்களுக்காக ஒருவர் அன்று வேலைக்குத் தாமதமாகப் போனார். அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்தான்.