புது டயர் முன்னாடி

ஏற்காட்டில் காரை நிறுத்திவிட்டு ஏரியைச் சுற்றப் போகிறவர்கள் திரும்பி வரும்போது, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குந்தியிருப்பதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். காற்றைப் பிடுங்க வந்தவன் என்று ஒருத்தர் சட்டையையே பிடித்துவிட்டார். அந்த ஆள் வெள்ளையன். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி டயர்க் கடை வைத்திருக்கிறான். கையில் ஒரு தீக்குச்சி இருக்கும். அதைப் பின் டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவில் விட்டு, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பான். தேய்ந்திருந்தால், "ஏனுங்க, பின்னாடி ரெண்டும் மொட்டைங்க, மழையில எறங்காதீங்க" என்பான். வியாபாரம் பிடிக்க வந்தவன் என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

நான் காளியண்ணன். சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாக என் வண்டிச் சக்கரத்தை வெள்ளையனைத் தவிர யாரும் தொட்டதில்லை. அவன் தலைச்சோலை என்ற ஊர்க்காரன். காப்பியும் பலாவும் உள்ள குடும்பம். காட்டைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டுப் பத்தொன்பது வயதில் டயருக்கு வந்தான். ஏனப்பா என்றால், "காப்பி வருசத்துக்கு ஒருக்காத்தான் பதில் சொல்லும். டயரு அன்னைக்கே சொல்லிரும்" என்பான். ரிம் கம்பி தெறித்து இடது மோதிர விரலில் நகம் போனது. ராசம்மாளைக் கட்டினான், பெண்ணைப் படிக்க வைத்தான். மூன்று வருடத்துக்கு முன்பு வரை ஒரு குறையும் இல்லாத மனிதன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இப்போது அந்த வாயும் இல்லை.

மலையில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டே டயர் புதிதாக வாங்கினால் அதை முன்னாடிதான் போடுவோம். திருப்புவது முன் சக்கரம், இறக்கத்தில் பிரேக் பிடிப்பதும் பெரும்பாலும் முன் சக்கரம். அதனால் நல்லது முன்னாடி, தேய்ந்தது பின்னாடி. ஜீப்காரன், வேன்காரன், எஸ்டேட் லாரிக்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது.

சந்திரசேகர் என்று ஒரு காப்பித் தோட்ட முதலாளி இருந்தார். முப்பத்தைந்து வயது, வேகமான கார் என்றால் உயிர். பழைய வண்டி ஒன்று வாங்கினார். நீல நிறம், நாலு கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும், பின் சக்கரத்தில் இழுக்கும் ஜாதி. அதில் முன் டயர் குறுகல், பின் டயர் அகலம். கம்பெனியே அப்படித்தான் கொடுக்கிறது. அந்த அகல டயர் நம் வளைவுகளில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. சேலத்தில் கிடைக்காது, சென்னையிலிருந்து வர வேண்டும். அளவு வேறு என்பதால் முன்னாடியைப் பின்னாடி மாற்றிப் போட்டு ஓட்டவும் வழியில்லை.

"நாலும் ஒரே அளவாப் போட்டுரலாமா வெள்ளையா?" என்று கேட்டார்.

"தாராளமாப் போடலாமுங்க. அப்பறம் மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்" என்றான். போட்டான். வண்டியும் நன்றாகத்தான் ஓடியது. ஒன்றரை வருடம் கழித்து நாலும் தேய்ந்து வந்தன. இப்போதைக்கு இரண்டு போதும் என்றார் அவர். புது ஜோடியை முன்னாடி மாட்டினான் வெள்ளையன். தேய்ந்ததில் சுமாரான ஜோடி பின்னாடி போனது. அன்றைக்கு நானும் கடையில் இருந்தேன். முன்னாடியே போடப்பா என்று நானும்தான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, ஐப்பசி மழையில், சாயங்காலம் நாலு மணிக்கு, சேலம் இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்த வண்டியின் பின்பக்கம் சுழன்றது. ஓட்டுகிறவர் பக்கக் கதவு பாறையில் போய் மோதியது. ஆள் அங்கேயே முடிந்தார். போலீஸில் அதிவேகம் என்று எழுதினார்கள். ஊரும் அதையே சொன்னது. வெள்ளையன் சுடுகாடு வரை போய் அழுதுவிட்டு வந்தான். எல்லாரையும் போலத்தான் அழுதான்.

எட்டு மாதம் கழித்து ஒரு டயர் கம்பெனி கடைக்காரர்களையெல்லாம் சேலத்துக்குக் கூப்பிட்டு ஒருநாள் வகுப்பு நடத்தியது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அங்கே திரையில் ஒரு படம் போட்டார்களாம். ஈர ரோடு, ஒரே மாதிரி இரண்டு கார், ஒரே வேகம். ஒன்றுக்குப் புது டயர் பின்னாடி, இன்னொன்றுக்கு முன்னாடி. முதல் கார் வளைந்து போய்விட்டது. இரண்டாவதின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றியது. முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளலாம், பின் சக்கரம் வழுக்கினால் பெரிய டிரைவராலும் முடியாது, அதனால் புது ஜோடி எப்போதும் பின்னாடிதான் என்றாராம் வகுப்பெடுத்தவர். கூட இருந்தவர்கள் பிரியாணிக்கு எழுந்து போனார்கள். இவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அவனை அது விடவே இல்லை. ஈரத்தில் டயர் வழுக்கும்போது சத்தம் வராது. அதனால் சத்தமில்லாத நேரம் என்றாலே அவனுக்கு ஆகாது. கம்ப்ரசர் ஓடி நின்றதும் கடையில் ஒரு நொடி சத்தமே இல்லாமல் போகும் இல்லையா, அப்போது கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ரோட்டைப் பார்ப்பான். மூடுபனியில் தாழ்வாக ஏதாவது கார் வந்தால் முகம் வெளிறிவிடும். சேலம் போக வேண்டுமென்றால் அந்த வளைவுக்குப் பயந்து குப்பனூர் வழியாகச் சுற்றிப் போவான். எனக்கு ஒருநாள் ஆத்திரம் வந்து, "நீயா ஓட்டுனே?" என்று கத்தினேன். "ஓட்டுனவருக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருக்க வேண்டியது நான்" என்றான். அவன் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்.

போன ஆவணியில் அதே நீல வண்டி மூடுபனிக்குள்ளிருந்து மெதுவாக ஊர்ந்து வந்து கடை முன்னால் நின்றது. கதவு மாற்றி, பெயின்ட் அடித்து, புத்தம் புதிதாக. வெள்ளையன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. இறங்கியது சந்திரசேகரின் மனைவி சிவரஞ்சனி. இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"ஷெட்டுல கெடந்ததை ரிப்பேர் பண்ணிட்டேனுங்க அண்ணா. அத்தை சேலத்துல படுத்த படுக்கையா இருக்காங்க. மகன் வண்டி வாசலுக்கு வரணும்ங்கறாங்க. நானே ஓட்டிட்டுப் போகணும். டயரெல்லாம் வெடிப்பு விட்டுப் போச்சு. முன்னாடி பின்னாடி வேற வேறயாப் போடறதா, ஒரே அளவாப் போடறதா, நீங்களே சொல்லுங்க. அவரு உங்களத் தவிர யாரையும் நம்ப மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி வண்டியை விட்டுவிட்டுப் போனார். வெள்ளையன் இரண்டு அளவையும் வரவழைத்து வைத்தான். வெள்ளிக்கிழமை காலையில் என் ஜீப்பில் ஏறி, "சேர்வராயன் கோயிலுக்கு விடு, பூ கேக்கணும்" என்றான். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை இன்னோர் இலையிலும் ஒரே மாதிரி மடித்து, மனசுக்குள் கேள்வியை நினைத்துச் சாமி முன்னால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எது வருகிறதோ அதுதான் சாமியின் பதில். தலையைக் குனிந்து சாமி இருக்கும் குகைக்குள் போனோம். கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார் பூசாரி. பிரித்தால் சிவப்பு.

வெளியே வந்ததும், "சிவப்புன்னா எந்த டயரு?" என்றேன்.

"டயரைப் பத்தி நான் ஏன் சாமியைக் கேக்கறேன்? அது எனக்கே தெரியும். டீச்சரம்மாகிட்ட உண்மையைச் சொல்லலாமான்னு கேட்டேன். வெள்ளை வந்தாச் சொல்லிரு, சிவப்பு வந்தா வேண்டாம்."

"சாமியே வேண்டாம்னுருச்சு. விட்டுத் தொலை" என்றேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவனுக்கும்தான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் ஒரு வாழைக்காய் பஜ்ஜியை முழுசாகத் தின்றதைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறல். சிவரஞ்சனி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வெள்ளையன் இரண்டு வகையையும் காட்டி விளக்கினான். ஒரே அளவு என்றால் கிடைப்பது சுலபம், மாற்றிப் போட்டு ஓட்டலாம். வேற வேற என்றால் பின்பக்கம் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், தேடி வாங்க வேண்டும்.

"அவரு ஒரே அளவுதானுங்களே போட்டிருந்தாரு? அதையே போட்டிருங்க."

"அது வேண்டாமுங்க."

"ஏனுங்க அண்ணா?"

வெள்ளையன் குனிந்து அகல டயரைத் துடைக்க ஆரம்பித்தான். அந்தம்மாவே மெதுவாகப் பேசினார். "பயப்படாதீங்க, டயர் மேல குத்தமில்லீங்க. அன்னைக்கு நானும் பாப்பாவும் சேலத்துல அத்தை ஊட்டுல இருந்தோம். பாப்பாவுக்கு நொம்பக் காய்ச்சல். நான்தான் போன் பண்ணி, சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்கன்னேன். அதனாலதான் வேகமா வந்துட்டாரு. காய்ச்சல் மறுநாளே எறங்கிருச்சு. நீ அவசரப்படுத்தித்தான் என் மகன் போனான்னு அத்தை சொன்னாங்க. அதுக்கப்பறம் அவங்க எங்கிட்டப் பேசறதில்லை. என்னை அந்த ஊட்டுப் படி ஏற விடலை. இப்பக்கூட வண்டியை வாசல்ல நிறுத்திட்டுப் போன்னுதான் ஆள் விட்டுச் சொன்னாங்க. அவங்க சொல்றது சரிதானுங்களே. நான்தானே கொன்னேன்."

நான் வெள்ளையனைப் பார்த்தேன். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்தப் பெண்ணின் துக்கம் இல்லை, என் பெயர் வெளியே வந்துவிடக் கூடாதே என்பதுதான்.

"நீங்க கொல்லலைங்க" என்றான் வெள்ளையன். ஸ்டூலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டான். புது ஜோடி, தேய்ந்த ஜோடி, முன்னாடி, பின்னாடி, சேலத்து வகுப்பு, திரையில் சுற்றிய கார் எல்லாவற்றையும் சொன்னான். நான் சொன்னதைச் சொல்லவில்லை. "அவரு மெதுவா வந்திருந்தாலும் அந்த மழையில பின்பக்கம் வழுக்கியிருக்குமுங்க. மாட்டுனது நானுங்க."

சிவரஞ்சனி எழுந்து வெளியே போய்த் தூறலில் நின்றார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

"இது எப்ப உங்களுக்குத் தெரியும்?"

"ரெண்டு வருசத்துக்கு மேலாச்சுங்க."

"ரெண்டு வருசம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க. எம் புள்ளைக்கு ஒடம்பு சுட்டா அது மொகத்தைப் பாக்கவே எனக்குப் பயமா இருக்கும். அப்படி இருந்தேனுங்க நான்."

வெள்ளையன் தரையிலிருந்து எழுந்து நின்றான்.

"மாட்டுங்க" என்றார் அவர். "எது சரியோ அதை மாட்டுங்க. மாட்டிட்டு வண்டியில ஏறுங்க. எங்கிட்டச் சொன்னதை அப்படியே அத்தைகிட்ட வந்து சொல்லுங்க."

முன்னாடி குறுகலும் பின்னாடி அகலமுமாக மாட்டினான். நட்டை இறுக்கும்போது, "இனி எவனும் முன்னாடிய பின்னாடி மாத்த முடியாதுப்பா, நானே நெனச்சாலும் முடியாது" என்று என்னிடம் சொன்னான். கையைக் கழுவிவிட்டு முன் சீட்டில் ஏறினான். நான் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த வளைவில் டீச்சர் வண்டியை நிறுத்தினாராம், இறங்கவில்லையாம், கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்துவிட்டுக் கியர் போட்டாராம். அத்தை கட்டிலில் படுத்தபடியே முழுதும் கேட்டாராம். கேட்டுவிட்டு வேலைக்காரியைக் கூப்பிட்டு, இவனை வெளியே போகச் சொன்னாராம். பின்னாலேயே கதவைச் சாத்திவிட்டார்களாம்.

"அவமானமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றான். "அவங்க கதவச் சாத்துனப்ப டீச்சரம்மா உள்ள இருந்தாங்க."