வேட்பாளர் கட்டம்

எங்கள் எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி முழுக்க ஒரே பெயர்தான்: கையெழுத்தய்யா. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஜீப் ஓட்டுகிறேன். அவர் பேனாவை மூடி நான் பார்த்தது தூங்கும்போது மட்டும்தான், அதுவும் சந்தேகம். பஸ் வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும், ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டும் என்று பொழுது விடிவதற்குள் முன்னறை பெஞ்சு நிரம்பிவிடும். ஜீப் பானட்டில், கிணற்று மேட்டில், ஒரு தடவை எருமை முதுகில் காகிதத்தை விரித்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எருமை அசையவில்லை. அதற்கும் ஏதாவது மனு இருந்திருக்கும்.

ஆறு தேர்தல், முப்பது வருடம். சட்டசபையில் கடைசி வரிசை. ஆற்றுக்குப் பாலம் கேட்டே பாதி ஆயுள் போயிற்று. பாலம் வந்தபோது கல்வெட்டில் அவர் பெயர் பதினொன்றாவது. படிக்க வேண்டுமானால் தரையில் படுக்க வேண்டும்.

ஏழாவது தேர்தலுக்குக் கட்சி ஆபீஸிலிருந்து போன் வந்தது. இந்தத் தடவை சீட் அவருக்கு இல்லை, கணக்கு டீச்சராக இருக்கும் அவருடைய மகளுக்கு.

"சரிங்க" என்றார். போனை வைத்தார். தட்டில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டார்.

"ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்யுங்களேன்! கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றார் வீட்டம்மா.

"என்னத்தைத் திட்ட?" என்று மனுக்கட்டைப் பிரித்தார்.

மகள் வேலையை ராஜினாமா செய்தாள். அதை ஏற்றுக்கொண்ட உத்தரவு கைக்கு வந்ததே மனு தாக்கலின் கடைசி நாள் மதியம்தான். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். விமானம் ஓட்டுவதுபோல் ஜீப்பை ஓட்டி, இரண்டே முக்காலுக்குத் தேர்தல் அதிகாரி முன்னால் போய் நின்றோம்.

முன்மொழிபவர் என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தார். கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. சர்ரென்று ஒரே இழுப்பு. வேட்பாளர் கட்டத்தில்!

கூட வந்த கட்சி வக்கீலுக்குத் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் நட்டுக்கொண்டது.

"ஐயா, அது உங்க பொண்ணு போடற எடம்யா!"

"அப்படியா" என்றார், யாரோ ஊர் பேர் தெரியாதவர் சமாச்சாரம் போல.

"அடிச்சுத் திருத்தினா செல்லாதுங்க" என்றார் அதிகாரி. "வேற பாரம் எழுதுங்க. பதிமூணு நிமிஷம் இருக்கு."

வக்கீல் புதுப் பாரத்தில் பாய்ந்தார். மகள் அப்பா பக்கம் சாய்ந்தாள்.

"வேணும்னே போட்டீங்களாப்பா? நான் வேலையையும் விட்டுட்டு வந்திருக்கேன்."

"தெரியலம்மா. கை தானாப் போயிடுச்சு."

"கோவம்னா சொல்லிடுங்க. இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன்."

அவர் யோசித்தார். சட்டைப்பைக்குள் பஸ் டிக்கெட்டைத் துழாவுகிற மாதிரி, தனக்குள்ளே கொஞ்ச நேரம் தேடினார்.

"ஒண்ணும் இல்லியே பாப்பா" என்றார்.

புதுப் பாரம் வந்தது. மகள் அவர் விரலைப் பிடித்துச் சரியான கட்டத்தில் வைத்தாள். போட்டார். மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அதிகாரி முத்திரை குத்தினார்.

வெளியே கூட்டம் மகளைத் தூக்காத குறையாகக் கொண்டுபோயிற்று. நான் வழக்கம்போல் ஜீப்பின் முன்கதவைத் திறந்து நின்றேன். அவர் பின்னால் போய் ஏறினார்.

"முன்னால அவ வரட்டும்."

"பின்சீட்டுல ஸ்பிரிங்கு குத்துங்கய்யா. ஆளையே தூக்கி எறிஞ்சிடும்."

"குத்துதா?" என்று அழுத்தி உட்கார்ந்து பார்த்தார். "தெரியலியே" என்றார்.