எஞ்சினுக்குள் போன பத்திரிகை

என் தம்பியின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தவர் பெரியப்பா. அப்பா வழியில் நடக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் அதில் பெயர் இருந்தது; தாய்மாமன் பெயர்தான் இல்லை. அம்மா கேட்டதற்கு மறதி என்றார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவரே தாய்மாமன்தான். அதை யாரும் மறப்பார்களா? மறந்தவர் பெரியப்பா என்பதால் அப்பா வாயைத் திறக்கவில்லை.

மாமா வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பியை வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிட்டால், அம்மாவுக்குப் பிறந்த வீட்டு உறவு அன்றோடு அற்றுப்போகும். அந்த வீட்டில் மாமாவை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் அம்மா என்னை ஆனையூருக்குக் கூட்டிப்போய் மாமா வீட்டில் விட்டாள். "காலையில இவளக் கூட்டிட்டு வந்துருடா" என்றவள், பதிலுக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டாள். பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கவாவது மாமா வந்துதானே ஆகவேண்டும் என்பது அவள் கணக்கு. எனக்கு அப்போது எட்டு வயது.

விடிந்ததும் மாமா வெள்ளைச் சட்டையை மாட்டினார். தம்பிக்கு வாங்கிய தோட்டை, பெட்டியோடு என் கையில் கொடுத்தார். மூலைகளில் மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அது எதுக்கு மாமா?"

"சபையில விரிச்சு வச்சு, எம் பேரு எங்கன்னு கேக்கப் போறேன் மருமகளே. கேட்டுட்டு, தோட்டை வச்சுட்டு, வந்த வழியே போயிருவேன்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெரியப்பாவை ஒருவர் நிற்கவைத்துக் கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

மாமாவின் மோட்டார் சைக்கிள் அவர் வாங்கும்போதே கிழம். பெட்ரோல் டாங்கின் மேல் நான் உட்கார்ந்துகொள்ள, அலங்காநல்லூர் ரோட்டில் கிளம்பினோம். காதுகுத்து நடக்கும் எங்கள் குலசாமி கோயில் அந்த ஊருக்கும் அப்பால். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் குத்தியாக வேண்டும். பாதி வழியில், வயல்காட்டுக்கு நடுவே, வண்டி புஸ்ஸென்று இரைந்து நின்றுவிட்டது. மாமா எத்தனை முறை உதைத்தும் அசையவில்லை.

"கேஸ்கட் போச்சு" என்றார்.

இரண்டு இரும்புக்கு நடுவே காற்று புகாமல் ஒரு காகிதம் இருக்குமாம், அது கிழிந்துவிட்டதாம். அவ்வளவு பெரிய வண்டி ஒரு துண்டுக் காகிதத்தை நம்பியா ஓடுகிறது! மாமா சட்டையைக் கழற்றி வேலிக்கிளையில் தொங்கவிட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானர்களை எடுத்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். கடைசியில் சிலிண்டரை மேலே உருவியபோது, எண்ணெய் பூசிய வெள்ளி டம்ளர் மாதிரி பிஸ்டன் வெளியே வந்தது. இந்தச் சின்னஞ்சிறு டம்ளரா எங்கள் இரண்டு பேரையும் இவ்வளவு தூரம் இழுத்து வந்தது? நான் வாயைப் பிளந்து நின்றேன்.

கோயிலுக்குக் கொண்டுபோன பழத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளை மாமா விரலால் தேய்த்துப் பார்த்தார். மெல்லிசு. தோட்டுப் பெட்டியின் அட்டையோ முரடு. பிறகு எழுந்துபோய்ச் சட்டைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். அதை வாசித்தார். திருப்பிப் பார்த்தார். ஆனையூர்ப் பக்கம் ஒரு தடவை, கோயில் பக்கம் ஒரு தடவை ரோட்டைப் பார்த்தார். கனம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"கனம் சரியா இருக்கா மாமா?"

"சரியாத்தான் இருக்கு மருமகளே."

கிழிந்த கேஸ்கட்டை அதன்மேல் ஒட்டவைத்து, சவர பிளேடால் சுற்றிலும் அறுத்தார். போல்ட் போகிற ஓட்டைகளில் ஒன்று பெரியப்பாவின் பெயரிலேயே விழுந்தது. எண்ணெயைத் தடவியதும் மஞ்சளும் எழுத்தும் மறைந்து, அது எஞ்சின் சாமானாகவே மாறிவிட்டது. பிஸ்டன் வளையங்களை நகத்தால் அமுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை இறக்கினார். எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு மிதித்தார். மூன்றாவது மிதிக்கு வண்டி உறுமியது. நான் கைதட்டிக் கத்தினேன். இந்த உலகத்தில் மாமாவால் ஆகாத காரியம் எதுவும் கிடையாது என்று அந்த ரோட்டிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் கோயிலுக்குப் போனபோது, பெரியப்பா தன் மச்சினனைப் பாயில் உட்காரவைத்திருந்தார். தம்பியைத் தர மாட்டேன் என்று அம்மா இடுப்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"வா மாப்ள. பத்திரிகை வந்துச்சுல்ல?" என்றார் பெரியப்பா.

வேடிக்கை இப்போது ஆரம்பிக்கப் போகிறது என்று நான் முன்னால் போய் நின்றேன்.

"வந்துச்சு மச்சான்" என்றார் மாமா. அவ்வளவுதான். பாயில் இருந்தவர் தானாகவே எழுந்துகொண்டார். மாமா கைகளைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. அம்மா தம்பியை அவர் மடியில் வைத்தாள். ஆசாரி குத்தினார். தம்பி ஊரைக் கூட்டினான்.

எனக்கோ ஏமாற்றம் தாங்கவில்லை. அம்மாவின் காதில் புகார் சொன்னேன்: "சபையில விரிச்சுக் கேக்கணும்னுதாம்மா பத்திரிகையக் கொண்டாந்தாரு. வழியில அத வெட்டி எஞ்சினுக்குள்ள வச்சுட்டாரும்மா!"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டி நின்ற வேப்பமரத்தடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். வண்டிக்குப் பொட்டு வைப்பவர்கள் விளக்குக்கு மேலேதான் வைப்பார்கள். அம்மா பட்டுப்புடவையோடு மண்ணில் மண்டியிட்டு, பத்திரிகை இருக்கும் இடமென்று நான் காட்டிய, சூடு ஆறாத எஞ்சினின் அடியில் சந்தனப் பொட்டு வைத்தாள். புது வண்டிக்குத்தானே பொட்டு, இந்தக் கிழட்டு வண்டிக்கு எதற்கு, அதையும் ஏன் அழுதுகொண்டே வைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.