நடுக்கடலில் நின்ற விமானம்

கொழும்பிலிருந்து மெல்போர்னுக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பத்தரை மணி நேரம் ஆகும் என்றார் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். நான் சென்னை காசிமேட்டில் இருபத்தைந்து வருடம் விசைப்படகு ஓட்டியவன். எந்தத் தூரத்தையும் படகுக் கணக்கில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஒப்பும். இரவு பகலாக ஓட்டினாலும் இருபத்து மூன்று நாள் வந்தது. அவ்வளவு தூரம் என் மகள் தனியாகப் படிக்கப் போனாள்.

கொழும்பில் இறங்கியதும் பேசினாள். நள்ளிரவில் அடுத்த விமானம். அது எங்கே பறக்கிறது என்று போனில் பார்க்க அவளே எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். விடிந்ததும் பார்த்தேன். சின்ன விமானப் படம் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருந்தது. பல் துலக்கிவிட்டு வந்தேன், அங்கேயே இருந்தது. டீ குடித்து முடித்தும் நகரவில்லை.

படகு ஜிபிஎஸ்ஸில் புள்ளி நகராவிட்டால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். எஞ்சின் நின்றுவிட்டது. படகாவது மிதக்கும். என்னோடு கடலுக்கு வந்த எதிர்வீட்டு நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கடைசியா எத்தினி மணிக்கு நகுந்துச்சு மாமு?" என்றான்.

கரை திரும்பாத படகைப் பற்றி நாங்கள் கேட்கிற முதல் கேள்வி அது. பெரிய மேதை, ஆறுதல் சொல்ல வந்துவிட்டான். போகச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி தெருமுனையில் தண்ணீர் லாரி அருகே குடத்தோடு நின்றிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். போனை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள்.

"உனுக்கு இன்னா கல்லு மனசா? புள்ள நடுக்கடல்ல கீது," என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"நீ போட்டுல போனப்போ எந்தப் போனுயா எனுக்குக் காட்டிச்சு?" என்றாள், குரலை உயர்த்தாமல். "பத்து நாளுன்னு போவ, பதினஞ்சு நாளாவும். தண்ணி புடிக்காமலா இருந்தேன்?"

எனக்குக் கோபம் வந்தது. போனோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அவள் இறங்க வேண்டிய பத்தரை மணி ஆனது. பத்தே முக்கால் ஆனது. போனைத் தரையில் வைத்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. பதினொன்றைத் தாண்டிப் போன் அடித்தது.

"நைனா, எறங்கிட்டேன்."

விமானம் நின்றதைக் கேட்டேன். "கடலுக்கு மேல சிக்னல் கெடைக்காது நைனா. படம்தான் நிக்கும், பிளேன் போய்க்கினேதான் இருக்கும்," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி போனை வாங்கி, "சாப்டியா? குளுருதா?" என்று இரண்டே கேள்வி கேட்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். நான் பேசி முடித்த பிறகும் வெளியே வரவில்லை. கதவருகே போனேன். உள்ளே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் போய்ச் சேந்துட்டாளே, இப்போ இன்னாத்துக்கு அழுவுற?"

"ஆளு தண்ணி மேல கீறப்போ வூட்ல அழக்கூடாதுயா. கரை சேந்தப்புறம்தான்."

கடலிலிருந்து திரும்பிய நாளெல்லாம் சாப்பிட்ட கையோடு படுத்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிடுவேன். இருபத்தைந்து வருடத்தில் அந்த அழுகையை ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.