மங்காமல் நின்ற ஒளி

என் ஆறு வருட ஆராய்ச்சி ஒரு வரைபடக் கோட்டின் தட்டையான பகுதியை நம்பி இருந்தது. எங்கோ ஒரு நட்சத்திரம் சாகும்போது காமா கதிர்கள் சில நொடிகள் வெடித்து அடங்கும். பிறகு அதே இடத்தில் எக்ஸ் கதிர் ஒளி நாள்கணக்கில் மங்கிக்கொண்டே போகும். சில வெடிப்புகளில் மட்டும் அது கொஞ்ச நேரம் மங்காமல் நிற்கும். உள்ளே ஏதோ ஒன்று இன்னும் சக்தி கொடுக்கிறது என்று அர்த்தம். யாரும் கவனிக்காத ஒரு வெடிப்பில் ஒளி அப்படி நின்றதை நான் கண்டுபிடித்திருந்தேன். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் நீட்டிப்பு கிடையாது.

கடைசி அத்தியாயத்தை எழுத நெய்வேலியில் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தேன். எழுதும்போதுதான் என் கணக்கின் முதல் வரியைத் திரும்பப் பார்த்தேன். வெடித்த நொடியிலிருந்து நேரத்தை எண்ண வேண்டும். நானோ, தொலைநோக்கி திரும்பிப் பார்க்கத் தொடங்கிய நொடியிலிருந்து எண்ணியிருந்தேன். அப்படி எண்ணினால் எந்தச் சரிவும் தொடக்கத்தில் தட்டையாகத்தான் தெரியும். ஷிப்டுக்குப் போய் பஞ்ச் அடித்த பிறகுதான் நேரமே தொடங்குகிறது என்று நம்பும் வீட்டில் வளர்ந்த புத்தி, வேறென்ன? திருத்திப் போட்டேன். கோடு முதலிலிருந்தே வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்பா மைன்ஸில் ஆபரேட்டர். மதிய ஷிப்டுக்குக் கிளம்புமுன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, மூஞ்சி செத்துக் கெடக்குது?”

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப அது நிக்கல. நீ லேட்டா பாத்ததால நின்ன மாதிரி இருந்துச்சி.”

“ஆமாம்பா.”

“ஒங்க சாருக்குத் தெரியுமா?”

“தெரியாது. பார்த்துட்டு சரின்னுதான் சொன்னார்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அப்ப சொல்லாம வுட்டுடு கண்ணு,” என்றார், தலை நிமிராமல்.

தன் கவனக்குறைவால் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட் கிழிந்ததைத் தானே போய்ச் சொல்லி மெமோ வாங்கிய மனுஷன் அவர். எனக்குக் கோபம் வரவில்லை. அவரையே இப்படிச் சொல்ல வைத்துவிட்டேனே என்று அழுகைதான் வந்தது.

அன்று மாலையே வழிகாட்டி சாருக்கு எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. நான் சொல்வது சரியாம். இதை வைத்து ஆய்வேடு நிற்காதாம்.

மாதம் முடிந்தது. நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. எதிர் வீட்டுக்காரர் அப்பாவிடம் விசாரிக்கிறார், “பொண்ணு எப்ப டாக்டராவுது?”

“எழுதிக்கினு இருக்குதுங்க,” என்கிறார் அப்பா.

உள்ளே நான் சும்மா படுத்திருக்கிறேன். எழுந்துபோய் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.